கொடிவேரியில் எங்கள் பேட்ச்

டூல் அண்ட் டை மேக்கிங் டிப்ளமோ முடித்துவிட்டேன். நான்கு வருடப் படிப்பு. கடைசி வைவாவும் முடிந்து மார்க்கும் வந்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்ச் மொத்தமும் கோபிச்செட்டிபாளையம் போய் ஒரு நாள் முழுக்கக் கொண்டாடிவிட்டு வந்தோம். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் படிப்பு என்னவென்று எங்கள் சொந்தக்காரர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. நீங்கள் தொடும் பிளாஸ்டிக் மூடி, ஸ்விட்ச் பெட்டி, மிக்ஸி ஜார் கைப்பிடி எல்லாமே ஏதோ ஓர் இரும்பு அச்சிலிருந்து வந்தவை. அந்த அச்சைச் செய்கிறவர்கள் நாங்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளும் அச்சு என்றால் மோல்டு. தகட்டை வெட்டுவதும் வளைப்பதும் என்றால் டை. கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் என்று இத்தனை தொழில் ஓடுகிறதே, அதற்கெல்லாம் பின்னால் கணபதியிலும் பீளமேட்டிலும் சிட்கோவிலும் சந்துக்குச் சந்து டூல் ரூம்கள், அதாவது அச்சு செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. வெளியே யாருக்கும் பெயர் தெரியாது. எனக்கு இந்த வேலையின் மேல் அவ்வளவு பிரியம்.

முதல் வருடம் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். ஓர் இரும்புக் கட்டையும் ஓர் அரமும் கொடுத்து, ஆறு முகத்தையும் சமமாக ராவச் சொல்வார்கள். ராவிய முகத்தில் ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடையில் ஒரு கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. அப்புறம் பெஞ்ச் சார், அதாவது இந்த அர வேலை நடக்கும் பெஞ்ச் ஷாப்பின் ஆசிரியர், சர்ஃபேஸ் பிளேட் என்ற துல்லியமான சமதளப் பலகையில் நீல மையைத் தடவி, அதன்மேல் கட்டையை மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். நீலம் ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். முகம் முழுக்கப் பரவலாக நீலம் ஒட்டுகிற வரைக்கும் இதேதான். உள்ளங்கையில் கொப்புளம் வரும், உடையும், பிறகு காய்த்துவிடும். வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்காதவர்கள் எங்கள் பேட்சில் குறைவு.

அப்போது எங்களைக் காப்பாற்றியவன் தாராபுரம். எங்களுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, ஊர்ப் பெயர்தான். நான் சோமனூர். தாராபுரத்தின் மாமா பட்டறை வைத்திருந்தார், அதனால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அரம் பழக்கம். சாயங்காலம் பெஞ்ச் ஷாப் மூடும்வரை எங்களை வரிசையாக நிறுத்தி, எப்படி நிற்பது என்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தான். முன்னால் தள்ளும்போதுதான் அரத்தின் பல் வெட்டும். பின்னால் இழுக்கும்போதும் அழுத்தினால் பல்தான் மழுங்கும், வேலை நடக்காது. முழங்கை வைஸ் (கட்டையை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) உயரத்துக்கு இருக்க வேண்டும், உடம்பின் பாரம் முன்காலில் விழ வேண்டும். எங்கள் பேட்சில் பெண்கள் மூன்று பேர். வைஸ் எங்களுக்கு உயரமாக இருந்ததைக் கவனித்து, காலுக்குக் கீழே போட மரப்பலகை செய்து கொண்டுவந்தவனும் அவன்தான். யாரும் கேட்கவில்லை, தானாகச் செய்தான்.

இரண்டாம் வருடம் லேத், மில்லிங், கிரைண்டிங். மூன்றாம் வருடம் டிசைன், சி.என்.சி., வயர் கட். கடைசியில் கம்பெனிப் பயிற்சி. அதையெல்லாம் எழுதினால் பாடப்புத்தகம் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

ஆனால் கடைசி புராஜெக்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. என்ன அச்சு வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் குழு எடுத்தது ஒரு குங்குமச் சிமிழ். கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். சிமிழும் மூடியும் ஒரே அச்சில், ஒரே அடியில் வர வேண்டும், மூடினால் இறுகிப் பொருந்த வேண்டும். பாலிபுரொப்பிலீன் ஆறும்போது ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை சுருங்கும். நாங்கள் ஒன்றரை என்று எடுத்துக்கொண்டோம். அதாவது சிமிழுக்கு 40 மில்லிமீட்டர் வாய் வேண்டுமென்றால் அச்சில் 40.6 வைக்க வேண்டும். சுவர் தடிப்பாக இருக்கும் இடத்தில் அந்தக் கணக்கும் மாறும். அதோடு மூடிக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக் போதும், சிமிழுக்கு நிறைய வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு வழியில் தள்ளினால் மூடி முதலில் நிரம்பிப் பிதுங்கும், சிமிழ் அரைகுறையாக நிற்கும். முதல் ட்ரயலில் அப்படியேதான் நடந்தது.

இதற்காகத்தான் எங்கள் தொழிலில் இரும்பை எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்தே வெட்டுவார்கள். எடுப்பது சுலபம், எடுத்ததைத் திரும்ப வைப்பது பெரும்பாடு. நாங்களும் மிச்சம் வைத்திருந்தோம். சிமிழுக்குள் பிளாஸ்டிக் நுழையும் வாயான கேட்டைப் பெரிதாக்கினோம். மூடி லொடலொடவென்று இருந்தது, அதன் உள்பக்கத்தை உருவாக்கும் கோர் என்ற இரும்புத் துண்டை ஒரு கடுகளவு குறைத்துப் பாலிஷ் போட்டோம். அந்த கோரைச் செய்தவள் பவானி. வெளிப்பக்கத்தை உருவாக்கும் குழியான கேவிட்டி நான் செய்தது. பொருளை அச்சிலிருந்து வெளியே தள்ளும் எஜெக்டர் பிளேட் நாமக்கல். அச்சின் இரண்டு பாதியும் நேராகச் சேர வழிகாட்டும் கைடு பில்லரும் புஷ்ஷும் பள்ளிபாளையம். ஒருவர் செய்ததை இன்னொருவர் திரும்ப அளக்கவில்லை. பேப்பரில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதுதான் அளவு. முதல் வருடம் ஒருவர் கட்டையை ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது. எங்கள் நான்கு வருடத்தின் பெரிய சம்பாத்தியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

கடைசி ட்ரயலில் எண்பது டன் விசையில் அச்சை மூடிப் பிடிக்கும் மோல்டிங் மெஷின் திறந்து சிமிழும் மூடியும் விழுந்தன. ஆறும்வரை காத்திருந்து பெஞ்ச் சார் கையில் எடுத்தார். மூடினார். டிக்கென்று ஒரு சத்தம். திறந்தார், மறுபடி மூடினார். ஒன்றும் பேசாமல் அதை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து ஷாப்பில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள்.

அந்த அச்சில் லொக்கேட்டிங் ரிங் என்று ஒன்று உண்டு. அச்சை மெஷினில் சரியான இடத்தில் உட்கார வைப்பது அந்த வளையம்தான். அதன் விட்டம் 99.8 மில்லிமீட்டருக்கும் 99.9-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதைச் செய்தவன் இப்போது எங்கள் பேட்சில் இல்லை. அந்தியூர்க்காரன். இரண்டாம் வருடம் பாதியில் அவன் அப்பா கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. வீட்டில் மூத்தவன் இவன். படிப்பை விட்டுவிட்டுப் போய், ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டுப் பட்டறை ஆரம்பித்தான். பம்பு ஷாஃப்ட், தறிக்கான உதிரிபாகம் என்று எது வந்தாலும் கடைந்து கொடுக்கிறான். அவனுடைய கைவேலை ஒன்றாவது எங்கள் அச்சில் இருக்க வேண்டும் என்று சாரிடம் போய்க் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செஞ்சு கொண்டாரச் சொல்லு, நான் பாத்துச் சொல்றேன்" என்றார். மைக்ரோமீட்டரில் பார்த்தார். 99.85 இருந்தது.

சரி, விருந்துக்கு வருகிறேன். ஓட்டலில் ஹால் எடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. கோபிக்காரி விடவில்லை. அவர்கள் தோட்டம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், வீட்டுக்கு முன்னால் நாற்பது பேர் உட்கார வாசல் இருக்கிறது, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். வேன் பிடித்தோம்.

அன்னூர் தாண்டும்போது வேனில் ஜி.டி. நாயுடுவைப் பற்றி ஒரு வாக்குவாதம் கிளம்பிப் புளியம்பட்டி தாண்டியும் ஓடியது. அவர் பிறந்த கலங்கல் எங்கள் ஊருக்குப் பக்கம்தான், அதனால் எனக்கு அவர்மேல் தனிப் பெருமை உண்டு. 1945-ல், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே தொழிற்கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் இருந்தவர். பொறியியலுக்கு நான்கு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடி, அரசு ஒத்துக்கொள்ளாததால் பதவியை விட்டு விலகினார். நாமக்கல் அவர் கட்சி. நம் படிப்பையும் இரண்டு வருடத்தில் முடித்திருக்கலாம், வீட்டில் கடன் குறைந்திருக்கும் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அவன் வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். ஆனால் என் கட்சி வேறு. தியரியைச் சுருக்கலாம், வாரக்கணக்கில் போர்டைப் பார்த்து எழுதுவதை அடியோடு எடுத்துவிடலாம். கை பழகுவதற்கு ஆகும் காலத்தை எப்படிச் சுருக்குவது? நாயுடு ஐயாவே கருவியைக் கையில் எடுத்துக் கற்றவர்தானே. வாக்குவாதம் முடியவில்லை, வண்டி சத்தியமங்கலம் வந்துவிட்டது.

காலையில் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம். எலுமிச்சை போட்டது ஒன்று, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட ஒன்று. கோபியின் அமுச்சி (அம்மாவின் அம்மா) தானே உட்கார்ந்து பிழிந்தார்கள். அப்புறம் கொடிவேரி அணை. தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அணைச் சுவருக்குக் கீழே நின்றால் முதுகில் அடிக்கிற அடியில் நான்கு வருட நைட் ஷிப்ட் அலுப்பும் போனது. பரிசலில் போனோம், கரையில் பொரித்துக் கொடுத்த மீனை வாழையிலையில் வாங்கிச் சாப்பிட்டோம். மதியச் சமையல் பள்ளிபாளையத்தின் பொறுப்பு. அவன் ஊர்ச் சிக்கனை அவன்தான் செய்வேன் என்று அடம்பிடித்தான். சின்ன வெங்காயம், விதை எடுத்த காய்ந்த மிளகாய், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், கறிவேப்பிலை. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. அதைச் செய்யும்போது அவன் முகத்தில் இருந்த கவனத்தைப் புஷ் கிரைண்ட் செய்யும்போது பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்ட பிறகு வாசலில் பெஞ்ச் சாரை உட்கார வைத்து, வேட்டி சட்டையும் வெற்றிலை பாக்கும் பழமும் தட்டில் வைத்துக் கொடுத்தோம். வந்திருந்த அம்மாக்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சிமிழ், குங்குமம் நிரப்பி. பள்ளபட்டிக்காரனின் அம்மாவுக்கு மட்டும் அத்தர் நனைத்த பஞ்சு வைத்து அவனே தனியாகத் தயார் செய்திருந்தான். அவர்கள் திறந்து முகர்ந்துவிட்டு அவன் தலையில் கை வைத்தார்கள்.

எங்கள் அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். பாவும் ஊடையும் வேறு ஒருவருடையது, தறியும் உழைப்பும் எங்களுடையது. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் நின்றபோது நான் முதல் வருடம். வீட்டில் வருமானம் இல்லாத அந்த நாட்களிலும் என் ஃபீஸ் ஒரு தவணை தவறவில்லை. சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு, போனில் நான் காட்டிய அச்சின் படத்தையும் பார்த்தார். "ஏங்கண்ணு, இத்தினியூண்டு டப்பிக்கு அத்தாச்சோடு இரும்பா?" என்றார். பிறகு சிமிழைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார். வேனில் திரும்பி வரும்போதும் முன் சீட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அந்தியூர் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தான், அவசர வேலை ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டு, கையில் கிரீஸ் கறையோடு. கொஞ்சம் தயங்கி வாசலிலேயே நின்றான். சார் எழுந்து போய்த் தோளைப் பிடித்து அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். "இவன் வளையம் இல்லீன்னா உங்க அச்சு மெஷின்லயே உக்காந்திருக்காது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவனுடைய அம்மா அழுதார்கள், கோபியின் அம்மா அவர்களைக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தார்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் அவன் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கிற பக்கத்தை பவானி திறந்து காட்டினாள். அவன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் அரிசியும் பருப்பும் சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். அதையும் சாப்பிட வைத்துத்தான் எங்களைக் கிளப்பினார்கள்.

இனி ஆளுக்கொரு திசை. ஓசூருக்கும் புனேவுக்கும் சிலர் போகிறார்கள், தாராபுரம் மாமா பட்டறையைப் பெரிதாக்கப் போகிறான். நான் அரசூர் பக்கம் ஒரு டூல் ரூமில் திங்கட்கிழமை சேர்கிறேன், சோமனூரிலிருந்தே போய்வரலாம். ஆயுத பூஜைக்கு எல்லோரும் அந்தியூர்ப் பட்டறையில் கூடுவதென்று முடிவாகியிருக்கிறது. அன்றைக்கு அவனுக்கு டயல் கேஜ் என்ற அளவுக் கருவி நல்லதாக ஒன்றும் அதற்கு ஸ்டாண்டும் வாங்கிக் கொடுக்கப் போகிறோம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான், நாங்கள் கேட்கவில்லை. பணம் தாராபுரத்திடம் சேர்கிறது. பேட்ச் ஆட்களில் இதைப் படிப்பவர்கள், இன்னும் கொடுக்காமல் இருந்தால் இந்த வாரத்துக்குள் அவனிடம் கொடுத்துவிடுங்கள்.