1985 டொயோட்டாவுக்கு இரண்டாவது லோ கியர்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் பாதை இருக்கிறது. லூன் ஏரியிலிருந்து டாஹோ பக்கம் வரை சுமார் 35 கிலோமீட்டர், பெரும்பகுதி கிரானைட் பாறை. அங்கே எஞ்சின் பலத்தைவிட மெதுவாகப் போகும் திறன்தான் வண்டியைக் கரை சேர்க்கும். என் 1985 டொயோட்டா பிக்கப்புக்கு அந்த மெதுவு வரவில்லை. 22ஆர்இ எஞ்சின், ஐந்து கியர், முன்பக்கமும் ஒற்றை ஹவுசிங் ஆக்ஸில் என்று எல்லாம் நன்றாகவே இருந்தும், லோ ரேஞ்சில், அதாவது நாலு சக்கர ஓட்டத்தின் மெதுவான நிலையில், முதல் கியரில் பாறை ஏறினால் பாதி கிளட்சிலேயே தாங்க வேண்டியிருந்தது. முழுசாக விட்டால் வண்டி பாய்ந்தது, ரேஸைக் குறைத்தால் ஆஃப் ஆனது. கிளட்ச் கருகும் வாசம் கூடவே வந்தது.

காரணத்தைக் கணக்கே சொல்லிவிடும். கியர்பாக்ஸின் முதல் கியர் 3.954, முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.28, ஆக்ஸிலுக்குள் இருக்கும் கடைசிப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் 4.10. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 33 அங்குல டயரில், 800 ஆர்பிஎம் ஐடிலில், மணிக்கு 3.4 கிலோமீட்டர். பாறை மேல் இது ஓட்டம்.

கிரவுன் பினியனை 5.29 ஆக மாற்றலாம் என்றார்கள். ஆனால் அது நெடுஞ்சாலையிலும் எஞ்சினை 29 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வைக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 4.7 பல்சக்கர செட் போடுவது இன்னொரு வழி. நல்ல வழிதான், ஆனால் மண் பாதைக்கும் மணலுக்கும் பொருத்தமான அந்த 2.28 போய்விடும். நான் எடுத்தது ஃபிரெஸ்னோவின் மார்லின் கிராலர் நிறுவனம் 1990களில் பரவலாக்கிய முறை. இன்னொரு டொயோட்டா டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பாதியை மட்டும் எடுத்து, அடாப்டர் வைத்து, கியர்பாக்ஸுக்கும் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே செருகுவது. இரண்டையும் லோவில் போட்டால் 2.28 பெருக்கல் 2.28, அதாவது 5.2. மொத்தம் 84. சாதாரண ஹை, பழைய லோ இரண்டும் அப்படியே கையில் இருக்கும்.

இப்படிச் செருக வேண்டிய டிரான்ஸ்ஃபர் கேஸைப் பழைய வண்டிச் சந்தையில் பார்த்து எடுத்தேன். ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்ப்பது முக்கியம், உலோகத் துகள் மினுங்கினால் விட்டுவிடுங்கள். ஷாஃப்ட்டில் இருக்கும் பல் வரிகளான ஸ்பிளைனையும் எண்ணுங்கள். சாதாரண 22ஆர்இயில் 21, டர்போ மாடலில் 23. இது பொருந்தாவிட்டால் அடாப்டர் வாங்கியும் பயனில்லை. பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். மறுபடி இறக்குவது லேசான வேலை இல்லை.

இறக்கி ஏற்றுவதில் புதிர் எதுவும் கிடையாது, பாரம்தான். நண்பர் ஒருவரும் டிரான்ஸ்மிஷன் ஜாக்கும் இருந்தால் போதும். நேரம் தின்றது அதற்கப்புறம் வந்த வேலை. பின் பெட்டி, அதாவது வண்டியின் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆறரை அங்குலம் போல பின்னால் நகர்ந்துவிடும். அதனால் பின் ஷாஃப்ட்டைக் குட்டையாக்கி, முன் ஷாஃப்ட்டை நீளமாக்கி, இரண்டையும் பேலன்ஸ் செய்ய வேண்டும். பழைய குறுக்குச் சட்டம் உதவாது, புதிது வேண்டும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். சக்கரத்துக்கு 84 மடங்கு முறுக்கு விசை போகும்போது எஞ்சின் முதல் பின் பெட்டி வரை எல்லாமே திருகிக்கொள்ளப் பார்க்கும், தாங்கல் மெலிந்திருந்தால் மவுண்டிங் ரப்பர் கிழியும். குட்டையான பின் ஷாஃப்ட்டின் சாய்வு கூடியதால் நெடுஞ்சாலையில் ஓர் உதறல் வந்தது. பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து பினியனைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பியதும் அடங்கியது. எஞ்சினைத் தொடாததால் கலிபோர்னியாவின் புகைச் சோதனையான ஸ்மாக் சோதனையில் கேள்வி எழவில்லை. ஸ்பீடோமீட்டர் பல்சக்கரம் பின் பெட்டியில் இருப்பதால் அதுவும் முன்போலவே காட்டுகிறது.

முதலில் ஹாலிஸ்டர் ஹில்ஸ் என்ற கரடுமுரடுப் பாதைப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். இரண்டு லோவும் போட்டு முதல் கியரில் ஐடிலில் மணிக்கு 1.5 கிலோமீட்டர்தான். செங்குத்தான இறக்கத்தில் பிரேக், கிளட்ச் எதிலும் கால் வைக்கவில்லை. வண்டி தானாக, ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவி இறங்கியது. அந்த நிதானத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் கியரில் போனாலும் 45.6, பழைய முதல் கியரைவிட மெதுவு. பாதி நாள் அதிலேயே ஓட்டினேன். கிளட்சை மிதிக்காமலே ஸ்டார்ட் செய்ய விடும், டாஷ்போர்டில் இருக்கும் ‘கிளட்ச் ஸ்டார்ட் கேன்சல்’ பொத்தானுக்கும் இப்போதுதான் முழுப் பலன். பாறை நடுவே ஆஃப் ஆனால் கியரை எடுக்காமல் செல்ஃப் அடித்தாலே போதும், வண்டி உருளாமல் நகர்ந்துகொண்டே எஞ்சின் பிடிக்கும்.

இவ்வளவு விசையும் கடைசியில் போய்ச் சேருவது முன் ஆக்ஸிலின் பர்ஃபீல்டு ஜாயின்ட்டில், அதாவது திரும்பும் சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் இணைப்பில். சக்கரம் இடுக்கில் மாட்டி, ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருக்கும்போது ரேஸ் கொடுத்தால் அது உடையும். அந்த நிலையில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, ஐடிலிலேயே ஏற விடுங்கள். அதிகம் கல் ஏறுபவர்கள் வலுவான குரோமோலி எஃகு ஜாயின்ட்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குவது நல்லது. நான் அடுத்து வாங்கப் போவதும் அதைத்தான்.