மஞ்சள் விசிலும் பதினாலு பொட்டலமும்

ஜூன் 2

சின்னவன் கட்டிலுக்கு அடியிலிருந்து மறுபடி அந்த மஞ்சள் விசில். போன மாதமே குப்பையில் போட்டேன், அல்லது போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊதினால் காற்று மட்டும் புஸ்ஸென்று போகும். வாங்கி வந்த அன்றே அப்படித்தான்.

டிராயரைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு. எல்லாமே யார் யாரோ வீட்டுப் பிறந்தநாளில் கிளம்பும்போது கையில் திணிக்கப்பட்டவை. சக்கரம் கழன்ற கார் நாலு, காது போன முயல், ஒட்டாத ஸ்டிக்கர், ஒரு மினுக்கும் மோதிரம். எது யார் கொடுத்தது என்று கேட்டால் அவனுக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. ஆனால் எதையும் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறான்.

சின்னவன் பிறந்தநாளுக்கு இன்னும் பதின்மூன்று நாள். வரப்போவது பதினாலு குழந்தைகள்.

ஜூன் 3

வேலை விஷயமாக எதிர்பார்க்கும் மின்னஞ்சல் இல்லை.

ஜூன் 4

போன வருடம் தொட்டியில் பூத்த சூரியகாந்தியின் விதையை ஒரு உறையில் போட்டு வைத்திருந்தது கிடைத்தது. அறுபத்து மூன்று விதை. இதையே ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுத்தால் என்ன? ஆறு வயது விரலுக்குப் பிடிக்கத் தோதான அளவு, பைசா செலவில்லை, ஊன்றினால் ஒரு வாரம் பத்து நாளில் தலை நீட்டும்.

ஆனால் ஒரு வருடப் பழசு. முளைக்காத விதையைக் கொடுப்பதும் ஊதாத விசிலைக் கொடுப்பதும் ஒன்றுதான். அதனால் பத்தை மட்டும் எடுத்து ஈரத்துணியில் வரிசையாக வைத்து மடித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்தேன். துணி காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது, அழுகிவிடும். பெரியவள் டப்பாவின் மேல் "தொடாதே" என்று எழுதி ஒட்டிவிட்டாள். யாருக்கு என்று தெரியவில்லை. எனக்காகவும் இருக்கலாம்.

ஜூன் 5, ராத்திரி

கை இன்னும் நடுங்குகிறது, எழுதினால் அடங்குமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் அந்த மோதிரத்தை எடுத்துப் பார்த்தால் அடியில் மூடி இல்லை, பட்டன் பேட்டரி மூன்று இருக்க வேண்டிய குழியில் இரண்டுதான் இருக்கிறது. சின்னவனைக் கேட்டேன், "தெரியலம்மா" என்றான், வாயில் போட்டாயா என்று கேட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி "தெரியலம்மா" என்றான். அந்த யோசித்த நேரம் இருக்கிறதே. பட்டன் பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும், ஈரம் பட்டதும் கரண்ட் ஓடி அந்த இடத்தில் காரம் உண்டாகிறது, சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எப்போதோ படித்தது அந்த நிமிஷம் வரிவரியாக ஞாபகம் வந்தது. இவர் சாவியை எடுத்துவிட்டார், நான் ஒரு காலில் செருப்போடு நிற்கிறேன், பெரியவள் உள்ளேயிருந்து கத்துகிறாள்: "இருக்கும்மா, இங்க இருக்கு!"

மீன் பிடிக்கும் விளையாட்டின் காந்தத் தூண்டிலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பருப்பளவு வட்டம், ஓரத்தில் லேசாகத் துரு.

மோதிரத்தையும் மூன்று பேட்டரியையும் தனியாக டேப் சுற்றி, அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன். அதை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது.

ஜூன் 7

துணிப்பை தைத்து, அதற்குள் ஏதாவது வைத்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆறு என்று பெரிதாக எழுதி, பெயரும் போட்டு. மனசுக்குள் அப்படியே பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம் தேடினேன், தேடியிருக்கக் கூடாது. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சாதாரணப் பருத்திப் பை கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால், பருவநிலைக் கணக்குக்கு மட்டும் 52 தடவை பயன்படுத்த வேண்டும். தண்ணீர், ஓசோன் என்று எல்லாக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவை. தினமும் எடுத்துக்கொண்டு போனாலும் பத்தொன்பது வருஷம். சின்னவன் இருபத்தைந்து வயதில் "எனக்கு 6" என்று எழுதிய பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவதை நினைத்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கிழிந்த வேட்டியிலோ பழைய தலையணை உறையிலோ தைத்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அந்தத் துணி ஏற்கெனவே வீட்டில் இருப்பதுதானே. ஆனால் பதினாலு பை தைக்க எனக்குப் பொறுமை கிடையாது. செய்தித்தாள் போதும். பொட்டலம் மடிக்கத் தெரியும்.

ஜூன் 8

சூரியகாந்தி: பூஜ்யம். மின்னஞ்சல்: அதுவும்.

ஜூன் 9

அண்ணி போன் செய்தார். பொட்டலம் விஷயத்தைச் சொன்னேன். "இந்த நிலைமைல இது வேறயா? ஒரு பாக்கெட்டா வாங்கிக் கொடுத்துட்டுப் போயேன். இல்லேன்னா காசில்லாமதான் பேப்பர்ல சுத்திக் கொடுக்கறாங்கன்னு பேசுவாங்க" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அதற்கப்புறம் சாயங்காலம் வரை ஒரு வேலையும் ஓடவில்லை.

ஏனென்றால் அது உண்மை. காசில்லை. போன வருடம் இதே வேலையை நான் செய்திருந்தால் "பார், எவ்வளவு அக்கறை" என்றிருப்பார்கள், இந்த வருடம் அதே காகிதம், அதே மடிப்பு, "பாவம்" என்பார்கள், நான் மட்டும் எனக்கே நிரூபிக்க முடியாமல் நிற்கிறேன், போன வருடம் இதைச் செய்யவில்லையே, போன வருடம் நானும்தான் பன்னிரண்டு வண்ணப் பாக்கெட் வாங்கினேன், ஒவ்வொன்றிலும் எட்டுச் சாமான், அந்த மஞ்சள் விசில் அதில் மிஞ்சியதுதான். ஆமாம், நாங்கள் கொடுத்ததுதான் அந்த விசில். இரண்டாம் தேதியே எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டு வீட்டில் கட்டிலுக்கு அடியில் அது கிடக்கிறது.

ஆளுக்கொரு பழைய புத்தகம் கொண்டு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. கொண்டு வர வீட்டில் புத்தகமே இல்லாத குழந்தை வாசலில் என்ன செய்யும்? வேண்டாம்.

ஜூன் 10

விதை 2! வெள்ளையாக, மூக்கு மாதிரி, இத்தனூண்டு.

உடைந்த கிரேயான் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. தண்ணீரில் அரை மணி ஊற வைத்தால் சுற்றியிருக்கும் காகிதம் தானாக உரிந்து வருகிறது. டம்ளரில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அந்த டம்ளரை வைத்து உருக்கினேன், நேராக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடித்துக்கொள்ளும். முதல் தடவை எல்லா நிறத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். நட்சத்திர அச்சிலிருந்து எடுத்து நீட்டினால் பெரியவள் பார்த்துவிட்டு, "அம்மா, சாணி மாதிரி இருக்கு" என்றாள். சாணி மாதிரிதான் இருந்தது. அடுத்த தடவை நீலமும் பச்சையும் ஒரு பக்கம், சிவப்பும் மஞ்சளும் ஒரு பக்கம். அச்சை அசைக்காமல் ஆறவிட்டால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கின்றன, உள்ளே என்ன கலர் என்று தேய்த்தால்தான் தெரியும்.

"கிரேயான் மெழுகும் பெட்ரோலியம்தானே?" என்றார் இவர். சரிதான். ஆனால் இது ஏற்கெனவே வீட்டில் உடைந்து கிடந்த பெட்ரோலியம்.

டம்ளரில் மிச்சம் இருந்ததைத் துடைத்துத்தான் எடுத்தேன். சிங்க்கில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த அச்சு இனிமேல் சமையலுக்கு ஆகாது.

ஜூன் 11

விதை 5.

பெரியவளுக்குப் பொட்டலத்தின் மேல் ஜிகினா தூவ வேண்டுமாம். ஜிகினா என்பதே அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாளைப் பொடிப்பொடியாக நறுக்கியதுதான், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 அக்டோபரிலிருந்து அதைத் தூளாக விற்கக் கூடாது என்றேன். முகம் தொங்கிப்போனது. பிறகு அவளே உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து, பேப்பரில் ஓட்டை போடும் பஞ்ச்சால் குத்த ஆரம்பித்தாள். நன்றாகக் காய்ந்த இலை நொறுங்கிவிடுகிறது, பாதி காய்ந்ததில் வட்டம் சுத்தமாக விழுகிறது. ஒரு கிண்ணம் நிறைய மஞ்சளும் பழுப்பும். கைவிட்டு அளைந்துகொண்டே இருக்கலாம் போலிருந்தது, அளைந்தேன்.

ஜூன் 13

ஏழு. ஒன்பது நாளாகிறது, மீதி மூன்று இனி வராது.

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். பத்தில் மூன்று பொய்க்கிறது என்றால், இரண்டு விதை கொடுத்தால் இரண்டுமே பொய்க்க நூற்றில் ஒன்பது வாய்ப்பு. பதினாலு பேரில் ஒரு குழந்தையாவது வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று கொடுத்தால் நூற்றில் மூன்றுக்கும் கீழே. நாலு கொடுக்க 56 வேண்டும், கையில் 53. ஆகவே மூன்று. முளைவிட்ட ஏழையும் காகிதக் கப்பில் மண் போட்டு வைத்துவிட்டேன். அந்த ஒரு குழந்தை யாரோ, அதற்காக.

ஜூன் 14

நட்சத்திரம் பதின்மூன்று. ஒரு விருந்தாளிக்கு இரண்டு வயதுதான். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் பொம்மைக்கு 31.7 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு குழாய் வைத்துச் சோதிப்பார்கள், அதற்குள் முழுசாக அடங்கினால் தொண்டையில் சிக்கும் என்று அர்த்தம். அட்டையைச் சுருட்டி அந்த அளவில் குழாய் செய்து பார்த்தேன், நட்சத்திரம் உள்ளே விழுந்துவிட்டது. அந்தப் பாப்பாவுக்கு உள்ளங்கை அளவில் ஒரு வட்டக் கிரேயான் மட்டும், விதை அதன் அம்மா கையில்.

மடித்து முடிக்க மணி பதினொன்று. பசை இல்லை, டேப் இல்லை, கூம்பாகச் சுற்றி வாயை உள்ளே செருகினால் நிற்கிறது. இவர் மடித்த இரண்டை இவர் தூங்கிய பிறகு பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூன் 15

கிளம்பும்போது ஒரு சின்னப் பெண் பொட்டலத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். மற்றவர்களும் ஆட்டினார்கள். வாசல் முழுக்கச் சலசலவென்று சத்தம். யாரும் எதுவும் சொல்லவில்லை, அல்லது என் காதில் விழவில்லை. ஒரு பையன் மட்டும் "இவ்வளவுதானா ஆன்ட்டி?" என்றான். ஆமாம், இவ்வளவுதான் என்றேன்.

ஜூன் 16

மின்னஞ்சல் இல்லை. விசிலை மறுபடி காணோம்.

ஜூன் 17

"இவ்வளவுதானா" பையனின் அம்மாவிடமிருந்து மெசேஜ். மூன்று விதையையும் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கடித்துத் தின்றுவிட்டானாம். இப்போது மற்றவர்கள் எல்லாம் ஊன்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரே அழுகையாம். "சாரி, சாப்பிடறதுக்குன்னு நெனச்சுட்டான், இன்னும் ஒண்ணு ரெண்டு கிடைக்குமா?"

கணக்கில் இதை நான் சேர்க்கவே இல்லை. ஏழு கப்பில் எது உயரம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.