வீனஸ் டிரைவ்ல ஆரம்பிச்சு ஒரு காட்டு ரவுண்டு

சிங்கப்பூருக்கு ஊர்ல இருந்து சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா முதல் ரெண்டு நாள் மெரினா பே, லிட்டில் இந்தியா, முஸ்தஃபான்னு ஓடிரும், மூணாவது நாள்தான் "வேற என்ன இருக்கு"ன்னு கேப்பாங்க. அப்ப நான் கூட்டிட்டு போறது வீனஸ் டிரைவ் பக்கம் இருக்குற காட்டுக்கு. வீட்ல சின்னப்பிள்ளைங்க இருந்தாலும் சரி, அறுபது தாண்டின பெரியப்பா இருந்தாலும் சரி, முழங்கால் பிரச்சனை மட்டும் இல்லன்னா நடந்துரலாம். ஆறு ஏழு கிலோமீட்டர் வரும், நின்னு நின்னு வேடிக்கை பாத்துட்டு போனா ரெண்டரை மணி நேரம் ஆகும்.

அப்பர் தாம்சன் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்சம் நடந்தா வின்சர் நேச்சர் பார்க் வாசல் வந்துரும். 2017-ல திறந்த பார்க் இது. பின்னாடி இருக்குற பெரிய நீர்ப்பிடிப்புக் காட்டுக்குள்ள மொத்தக் கூட்டமும் போய் மொய்க்காம இருக்கணும்னு ஓரத்துல ஒரு வேலி மாதிரி விட்டு வச்சிருக்காங்க. உள்ள நுழைஞ்ச உடனே மரப்பலகை பாதை, பக்கத்துல சின்ன ஓடை, தண்ணில குட்டி மீன். எல்லாரும் இந்த இடத்தை வேகமா தாண்டி பாலத்துக்கு ஓடுறாங்க, எனக்கு அதுதான் புரியல.

பாலம்னா ட்ரீடாப் வாக். 2004-ல கட்டினது, 250 மீட்டர் நீளம், ரெண்டு குன்றுக்கு நடுவுல தொங்குது, உயரமான இடத்துல கீழ தரைக்கு 25 மீட்டர் வரும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் போக முடியும், ஒருவழிப்பாதை வேற, முன்னாடி போறவர் செல்ஃபி எடுக்க நின்னா நாமளும் நிக்கணும். மேல இருந்து பாத்தா மரத்தோட தலையெல்லாம் பச்சையா விரிஞ்சு கிடக்கும், தூரத்துல அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம் தெரியும், நல்லாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா பாலத்தைத் தாண்ட அஞ்சு பத்து நிமிஷம். அந்த அஞ்சு பத்து நிமிஷத்துக்காக மீதி ரெண்டு மணி நேரத்தை தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடக்குறதுல என்ன இருக்கு?

என்னைக் கேட்டா இந்த நடையில விஷயமே கீழதான், மரங்களோட வயசைப் பாக்குறதுல. புதுசா வர்றவங்க இதை ஆதிகாலத்துக் காடுன்னு நினைச்சுக்குவாங்க. பெரும்பகுதி அப்படி இல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்க சீன விவசாயிங்க காட்டை வெட்டிட்டு மிளகும் கேம்பியரும் போட்டாங்க. கேம்பியர்ங்கிறது நம்ம வெத்தலைக்குப் போடுற காசுக்கட்டி மாதிரி ஒன்னு, இலையைக் கொதிக்க வச்சு கெட்டியாக்கி எடுப்பாங்க, தோல் பதனிடவும் சாயத்துக்கும் கப்பல்ல போச்சு. கொதிக்க வைக்க விறகு வேணும்ல, அதுக்கு சுத்தி இருக்குற மரமும் காலி. பதினஞ்சு இருபது வருஷத்துல மண்ணு சத்தில்லாம போக, அந்த இடத்தை அப்படியே விட்டுட்டு அடுத்த காட்டுக்குப் போயிருவாங்க. அந்தத் தோட்டங்கள்ல வேலை செஞ்சவங்களை புலி அடிச்சுட்டுப் போனதெல்லாம் உண்டு, இந்தத் தீவுல கடைசிப் புலியைச் சுட்டது 1930-ல. இப்ப இருக்குற சிங்கப்பூரைப் பாத்தா நம்பவா முடியுது.

அப்புறம் காடு எப்படித் திரும்பி வந்துச்சுன்னா, தண்ணியாலதான். 1868-ல இப்ப மெக்ரிச்சின்னு சொல்ற நீர்த்தேக்கத்தைக் கட்டி முடிச்சாங்க, குடிதண்ணிக்கு சுத்தி இருக்குற நிலத்தைப் பாதுகாக்கணும்னு வந்துச்சு, கைவிட்ட தோட்டங்கள்ல மரம் தானா மொளைக்க ஆரம்பிச்சுது. அதனால நடக்கும்போது பாருங்க, ஒல்லியா நெருக்கமா ஒரே உயரத்துல நிக்குற மரங்க இருக்குற இடம் பின்னாடி வளந்தது, கீழ பெரணி அடர்ந்திருந்தா இன்னும் இளசு. திடீர்னு ரெண்டு மூணு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத ஒரு மரம் நின்னா, கோடாலிக்குத் தப்பின பழைய ஆள்னு வச்சுக்கலாம். இப்படிப் பாத்துக்கிட்டே நடந்தா பிள்ளைங்களும் "எவ்ளோ தூரம்"னு கேக்க மாட்டாங்க, ட்ரை பண்ணிப் பாருங்க.

வீனஸ் டிரைவ் பக்கம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், நிறைய நிக்குது. மலேசியாவுல தோட்டப்புறத்துல வளந்த என் மாமியார் ஒரு தடவை வந்தப்ப, பாதையில கிடந்த கொட்டையைக் குனிஞ்சு எடுத்து, கல்லுல தேச்சு சூடாக்கி என் பையன் கையில வச்சு அலற விட்டாங்க, அவங்க சின்ன வயசு விளையாட்டாம். வெயில்ல காய் வெடிச்சு கொட்டை தெறிக்குற சத்தம் பட்டுன்னு கேக்கும், பயந்துராதீங்க. பிரேசில்ல இருந்து லண்டன் போய், 1877-ல இங்க தாவரவியல் தோட்டத்துக்கு வந்த மரம் இது. அப்புறம் தோட்டத்துக்குப் பொறுப்பா இருந்த ரிட்லிங்கிறவர்தான் மரத்தைச் சாகடிக்காம பால் எடுக்குற வெட்டு முறையைக் கண்டுபிடிச்சாரு, அதுக்கப்புறம் மலாயா பூரா தோட்டம், அங்க வேலைக்கு நம்ம ஆளுங்க கப்பல் கப்பலா. அதனால இந்தக் காட்டுல இந்த மரத்துக்குக் கீழ நிக்கும்போது நமக்கு கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கும்.

குரங்கு விஷயம் சொல்லிடுறேன். நீளவால் குரங்குங்க பாதையில இருக்குற ரேஞ்சர் ஸ்டேஷன் (வனக்காவலர் நிலையம்) பக்கம் கூட்டமா உக்காந்திருக்கும். பிளாஸ்டிக் பை சரசரன்னா போதும், சாப்பாடுன்னு முடிவே பண்ணிரும். பேக்ல போட்டு ஜிப் மூடுங்க. சாப்பிடக் கொடுக்குறதும் தப்பு, முதல் தடவை மாட்டினாலே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம் போடலாம். உடும்பு பாதையைக் குறுக்க கடந்தா அது பாட்டுக்குப் போகட்டும்னு விட்டுருங்க. துடுப்புவால் கரிச்சான் பாத்தா மட்டும் நில்லுங்க, வால்ல ரெண்டு கம்பி தொங்கி நுனியில சின்ன துடுப்பு இருக்கும், பறக்கும்போது பின்னாடி ரெண்டு வண்டு துரத்துற மாதிரியே தெரியும். ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்கிட்டு நடக்குற சில பேர் வந்தா எதுவும் கண்ணுல படாது, அவங்களை முன்னாடி போக விட்டுட்டு நீங்க மெதுவா வாங்க.

பாலத்துக்கு முன்னாடி கொஞ்சம் ஏத்தம் இருக்கு, மூச்சு வாங்கும். பாலம் தாண்டினதும் பெட்டாலிங் டிரெயில், பலகைப்பாதையும் படிக்கட்டுமா ஏறி இறங்கி திரும்ப ரேஞ்சர் ஸ்டேஷன் பக்கமே விடும், முழங்காலுக்கு வேலை இங்கதான். காத்தே இல்லாத புழுக்கம், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி கண்டிப்பா வேணும். மழை பெஞ்சா பலகை வழுக்கும், செருப்பு வேணாம். மத்தியானம் இடி மழை வர வாய்ப்பு அதிகம், இடி மின்னல்னா பாலத்தை மூடிருவாங்க, அதனால காலைல போங்க. திங்கக்கிழமை பப்ளிக் ஹாலிடேவா இருந்தா ஒழிய பாலம் லீவு. கிளம்புறதுக்கு முன்னாடி இங்க பார்க்கையெல்லாம் பாத்துக்குற அரசு அமைப்பான என்பார்க்ஸ் (NParks) வெப்சைட்ல ஒரு தடவை செக் பண்ணிக்கங்க, பராமரிப்புன்னு மூடி வச்சிருப்பாங்க சில சமயம். வீனஸ் டிரைவ் கார் பார்க் சனி ஞாயிறு காலைலயே நிரம்பிரும், எம்ஆர்டிதான் நிம்மதி, திரும்பி வர்ற வழியில அப்பர் தாம்சன் ரோட்டுல பிராட்டா (நம்ம பரோட்டாதான்) கடையும் இருக்கு.