நானே நிறுத்திய மாத்திரை, திரும்பப் பிடித்த ஏணி

பல் துலக்கும் பிரஷைக் கையில் பிடித்தபடி குளியலறைக் கண்ணாடி முன்னால் நாற்பது நிமிடம் நின்ற ஒரு காலையில்தான், இது வெறும் களைப்பு இல்லை என்று எனக்கு உறைத்தது. பேஸ்ட் கூட வைத்தாகிவிட்டது. கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி, அது முடியவில்லை. அழுகை வரவில்லை, சோகம் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. உள்ளே யாரோ மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அதற்கு முந்தைய எட்டு மாதமும் நான் வேறு நோயைத் தேடிக்கொண்டிருந்தேன். தினமும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப்போகும். இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு முறை ஈசிஜி எடுத்தேன், இரண்டு முறையும் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்று கேட்டுவிட்டு வெளியே வரும்போது நிம்மதி வர வேண்டும் இல்லையா? எனக்குப் பயம்தான் கூடியது. மனச்சோர்வும் பதற்றமும் பல நேரம் உடம்பு வழியாகத்தான் முதலில் பேசும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மனநல மருத்துவரிடம் போனபோது அவர் உடனே மாத்திரை எழுதவில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பார்த்துவிட்டு வரச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மந்தமும் சோர்வும் வரலாம், அதை விட்டுவிட்டு மனசுக்கு வைத்தியம் பார்த்தால் பாதி வேலைதான் நடக்கும். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் மனச்சோர்வை அளக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார், பிஎச்க்யூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27, கூடக் கூட நிலைமை மோசம். எனக்கு 19 வந்தது. பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்று இன்னொன்று, மொத்தம் 21-இல் எனக்கு 16. எண்ணாகப் பார்த்தபோது வெட்கம் கொஞ்சம் விலகியது. நான் சோம்பேறி இல்லை, எனக்கு அளந்து பார்க்கக்கூடிய ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்பது. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். பொய் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், கடைசியில் ‘சில நாட்கள்’ என்பதில் டிக் போட்டேன். மருத்துவர் பதறவில்லை. திட்டம் ஏதாவது இருக்கிறதா, இதை வீட்டில் யாருக்காவது சொல்லியிருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டார். அப்படி நேராகக் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இதைப் படிப்பவர்களில் யாராவது அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை மறைத்து வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். எண்ணம் வலுத்திருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள்.

தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு நாட்கணக்கில் இருந்ததுண்டா என்றும் கேட்டார். ஏன் இது என்று அப்போது புரியவில்லை. மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் தூக்கிவிடக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்விக்கு நினைவைத் தோண்டிப் பதில் சொல்வது அவசியம்.

எழுதிக் கொடுத்தது எஸ்சிட்டாலோபிராம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரை. முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்குக் குறைந்த டோஸில் தொடங்குவதுதான் நல்லது, ஏனென்றால் முதல் ஒன்றிரண்டு வாரம் பதற்றம் கூடவும் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது. நான்காம் நாள் குமட்டல், ஓயாத கொட்டாவி, உள்ளங்கையில் வியர்வை, ஓர் இடத்தில் உட்கார முடியாத தவிப்பு, இருக்கிற தூக்கமும் போய்விட்டது. யாரும் சொல்லாமல் விட்டிருந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன். அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் ராத்திரி பதற்றத்தை அடக்கும் குளோனாசெபாம் கொஞ்சம் கொடுத்தார், எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதினார். அது உடம்பு பழகிப்போய் விட முடியாமல் ஆகிவிடக்கூடிய மருந்து, அதனால்தான் அந்தத் தேதி. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடும் வாய்ப்பு உண்டு என்பதால் இன்னும் நெருக்கமாகக் கவனிப்பார்கள், வீட்டில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்.

செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்று பலரும் சொல்வார்கள். விஷயம் அத்தனை சுலபம் இல்லை. செரட்டோனினை நரம்புச் செல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை மருந்து முதல் நாளே தடுக்க ஆரம்பித்துவிடுகிறது. நிரப்புவதுதான் வேலை என்றால் முதல் நாளே சரியாகியிருக்க வேண்டுமே. எனக்கு நான்காவது வாரம் ஆனது. அதுவும் எப்படித் தெரிந்தது என்றால், அலுவலகத்தில் ஒருவரிடம் போனில் பேசி முடித்து, போனை வைத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அவ்வளவுதான். முன்பெல்லாம் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, எங்கே தப்பாகச் சொன்னேன் என்று ஒரு மணி நேரம் தேடுவேன். அன்று அந்தத் தேடல் வரவே இல்லை என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தேன். அக்கா அதற்கும் ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தாள், “உன் குரல் மாறியிருக்கு” என்று. கூட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்து தொடங்குவதற்கு முன்னால் நட, ஓடு, யோகா செய், நாலு பேரோடு பழகு என்று சொல்லாதவர்கள் இல்லை. எல்லாம் நல்ல யோசனைகள்தான். கட்டிலிலிருந்து எழ முடியாதவரிடம் சொன்னால் அது இன்னொரு தோல்வியாகத்தான் போய்ச் சேரும். அக்கா மட்டும் வாசலில் நின்றுகொண்டு, “குளிக்க வேணாம், தலை வார வேணாம், செருப்பை மட்டும் மாட்டிக்கிட்டு வெளியில வா” என்றாள். தெருமுனை விளக்குக் கம்பம் வரைக்கும் போய்த் திரும்பினோம், ஏழு நிமிடம். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் வந்தாள்.

பிறகு தெரபிக்கு, அதாவது ஆலோசகரோடு பேசிப் பெறும் சிகிச்சைக்குப் போனபோதுதான் அக்கா தன்னையறியாமல் செய்தது ஒரு சிகிச்சை முறை என்று தெரிந்தது. மனசு வந்தால் செய்வேன் என்பதைத் தலைகீழாக்கி, நேரம் குறித்து முதலில் செய்வது, மனசு பின்னால் வரட்டும் என்று விடுவது. 1996-இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் செய்த ஆய்வில், இந்தச் செயல் பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்தவர்களும், எண்ணங்களை மாற்றும் பயிற்சியோடு முழு சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே தேறினார்கள். எனக்குக் கொடுத்த வேலை, ஒரு நோட்டில் செய்த காரியத்தை எழுதி, பக்கத்தில் செய்வதற்கு முன் மனநிலை எத்தனை, செய்த பின் எத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் போடுவது. ‘துணி மடித்தேன், 2, 3.’ ‘தோழிக்கு மெசேஜ் அனுப்பினேன், 2, 5.’ ‘படுத்தே இருந்தேன், 3, 1.’ மூன்று வாரம் எழுதிய பிறகு, படுத்தால் தேறும் என்று நம்பிக்கொண்டிருந்ததற்கு எதிராக என் கையெழுத்திலேயே சாட்சி இருந்தது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுக்கு வர எனக்கு நான்கு மாதம் பிடித்தது. பிடிக்கட்டும்.

மாத்திரையா, வாழ்க்கை முறையா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு மாத்திரை இல்லாமல் அந்த ஏழு நிமிடம் தினமும் நடந்திருக்காது, நடையும் தெரபியும் இல்லாமல் மாத்திரை மட்டும் என்னைப் பாதி வழியில்தான் விட்டிருக்கும். லேசான நிலையில் இருக்கும் சிலருக்கு மருந்தே தேவைப்படாது, அதையும் பார்த்திருக்கிறேன். எது முதலில் என்பது எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தூக்கத்துக்குச் செய்தது ரொம்பச் சாதாரணம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரம், இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவது. காபியைக் காலையோடு நிறுத்தினேன். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. மதுவை அறவே விட்டேன். அது ராத்திரி அடக்கி வைத்ததை அதிகாலை மூன்று மணிக்கு வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்.

படபடப்புக்குச் சொல்லித் தந்தது வித்தியாசமாக இருந்தது. தெரபி அறையிலேயே நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடச் சொன்னார் ஆலோசகர். இதயம் எகிறியது, மூச்சு வாங்கியது, நான் பயப்படும் அதே உணர்ச்சி. “இப்ப உட்காருங்க, ஒண்ணும் செய்யாதீங்க, என்ன ஆகுதுன்னு மட்டும் பாருங்க” என்றார். ஏறியது, நின்றது, இறங்கியது. பத்து தடவை செய்தோம். நெஞ்சு படபடப்பதைக் கண்டு ஓடி ஓடித்தான் அதை வளர்த்துவிட்டிருந்தேன் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உடம்புக்குப் புரிந்தது. அதன்பிறகு அலுவலக மாடிப்படியில் ஒருமுறை வந்தபோது, அங்கேயே உட்கார்ந்து, வெளிமூச்சை மட்டும் நீளமாக விட்டுக்கொண்டு காத்திருந்தேன். போய்விட்டது.

இனி நான் செய்த தப்பு. ஐந்தாவது மாதம் என் பிஎச்க்யூ-9 மதிப்பெண் 4. நன்றாக இருக்கிறேன், எதற்கு மாத்திரை என்று தோன்றிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு, அதை மருத்துவரிடம் சொல்லாமலே வைத்திருந்தேன்: தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துபோயிருந்தது, உச்சம் வருவது பெரும்பாடாக இருந்தது. இந்த வகை மருந்துகளில் இது மிகச் சாதாரணமான பக்கவிளைவு. டோஸை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், வழிகள் உண்டு. வாய் திறக்கக் கூச்சப்பட்டு நானே ஒருநாள் நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினேன், தலைக்குள் ‘சர்ர்’ என்று ஒரு மின்னதிர்ச்சி. ஒரு நொடிதான். திரும்பத் திருப்பினேன், திரும்ப வந்தது. தலைசுற்றல், விடிய விடியத் துரத்தும் கனவுகள், காரணமே இல்லாத கோபம், பாத்திரம் கழுவும்போது பொத்துக்கொண்டு வந்த அழுகை. நோய் திரும்பிவிட்டது, வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒன்பதாம் நாள் மருத்துவரிடம் போனேன். திட்டவில்லை. நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக வரும், நிறுத்திய சில நாளிலேயே தலைக்குள் மின்னதிர்ச்சியோடு வருவது மருந்தை விட்டதன் விளைவு என்று விளக்கினார். திரும்பத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் எல்லாம் அடங்கியது. முதல் தடவை வந்தவர்கள் நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பதையும் அன்றுதான் மனசில் வாங்கிக்கொண்டேன். முதல் நாளே சொல்லியிருக்கிறார், என் காதில் ஏறவில்லை.

சரியாக நிறுத்தியது அடுத்த வருடம். டோஸைப் பாதியாக்கினால் மூளையில் மருந்தின் பிடியும் பாதியாகும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. 10-லிருந்து 5-க்கு வந்தாலும் பிடி கொஞ்சம்தான் தளர்கிறது, கடைசி இரண்டு மூன்று மில்லிகிராமில்தான் அது செங்குத்தாக விழுகிறது. 2019-இல் மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் இதைத்தான் எழுதினார்கள்: கீழே போகப் போகப் படிகள் சின்னதாக வேண்டும். அதனால் 7.5, 5 வரை மாத்திரையை வெட்டினேன், அதற்குக் கீழே சொட்டு மருந்துக்கு மாற்றினார் மருத்துவர். ஒரு படிக்கு ஏறக்குறைய நான்கு வாரம். 2 மில்லிகிராமில் இருந்தபோது வேலையில் பெரிய சிக்கல் வந்தது, அங்கேயே இரண்டு மாதம் நின்றோம். அவசரம் எதற்கு? முழுதாக இறங்க ஒன்பது மாதம் ஆனது. இந்தக் கணக்கு எனக்குப் போட்டது, உங்களுடையதை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து போடுங்கள். சிலர் பல வருடம், சிலர் எப்போதுமே தொடர வேண்டியிருக்கும், அதிலும் குறை ஒன்றும் இல்லை.

இப்போது மருந்து விட்டு ஐந்து மாதம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த 9 கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன், போன மாதம் 3. நோட்டின் முதல் பக்கத்தில் மருத்துவரோடு பேசி முடிவு செய்ததை எழுதி வைத்திருக்கிறேன்: மதிப்பெண் 10-ஐத் தொட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது, அப்போதும் அப்படியே இருந்தால் தள்ளிப்போடாமல் போன் செய்வது, ஒன்பதாவது கேள்வியில் பூஜ்யம் இல்லை என்றால் அன்றைக்கே. கீழே அவருடைய எண். போன வாரம் அக்கா வந்தபோது அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தாள், என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் தன் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.