நின்ற பிறகும் ஆறாத சூடு

2022 மார்ச் 31. கொழும்பில் அன்று 13 மணித்தியால மின்வெட்டு. வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலக்கீழ் தளத்தில், 200 கேவிஏ ஜெனரேற்றருக்குப் பக்கத்திலேயே பகல் முழுவதும் இருந்தேன். லயிற் போனால் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் இரண்டு ஓடுவதற்கென்று வைத்த மெஷின். மணிக்கு முப்பது லீற்றர் டீசல் குடிக்கும். டீசல் எடுக்கக் காலையில் கானுடன் போனவர் பொழுதுபட்டும் வரிசையில்தான் நின்றார்.

நான்காம் மாடியில் ஒரு ஐயாவுக்கு ஒட்சிசன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி மூன்று தடவை படியிறங்கி வந்து, “தம்பி, எத்தனை மணிக்கு நிப்பாட்டுவீங்கள்?” என்று கேட்டார். தாங்கிக்குள் அளவுகோலை விட்டு எடுத்துக் காட்டினேன். கோலின் நுனியில் நான்கு விரல் அளவுக்குத்தான் ஈரம்.

என்னோடு வேலை செய்யும் ஹட்டன் தம்பி அன்றைக்குத்தான் கேட்டான்: “அண்ணே, கூடங்குளம் மாதிரி நம்ம நாட்டுலயும் ஒன்னு கட்டினா இந்தப் பாடு இருக்காதே?”

நல்ல கேள்வி. பதிவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னேன். எங்கள் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையமும் செய்வது ஒரே வேலை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் டர்பைனைச் சுற்றுவது. சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். நுரைச்சோலையில் நிலக்கரி எரிகிறது. கூடங்குளத்தில் எதுவுமே எரிவதில்லை. யுரேனியம் 235 அணுவில் ஒரு நியூட்ரோன் மோதினால் அது இரண்டாகப் பிளந்து சூட்டையும், கூடவே இரண்டு மூன்று நியூட்ரோன்களையும் விடும். அவை அடுத்த அணுக்களைப் பிளக்கும். தேவைக்கு மேல் போகாதபடி நியூட்ரோன்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கி ஏற்றுவார்கள். எரிபொருளில் அந்த 235 வகை மூன்று முதல் ஐந்து சதவீதம்தான். அதனால் உலை அணுகுண்டு போல வெடிக்காது.

விரல் நுனியளவு யுரேனியக் குளிசை ஒன்று ஏறத்தாழ ஒரு தொன் நிலக்கரிக்குச் சமம். எங்கள் கணக்கில் ஏறத்தாழ மூன்று பீப்பாய் எண்ணெய்! நுரைச்சோலையின் 900 மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு இருபது லட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி கப்பலில் வர வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் இறக்கவும் முடியாது. 1000 மெகாவாட் அணு உலைக்கு ஆண்டுக்கு முப்பது தொன்னுக்குள் போதும். கரியமில வாயுவும் அப்படித்தான். கட்டுவது முதல் கழிவு வரை எல்லாம் சேர்த்து, ஓர் அலகு மின்சாரத்துக்கு நிலக்கரி 800 கிராமுக்கு மேல் விடுகிறது, அணு பன்னிரண்டு கிராம் அளவில்தான். காற்றுக் காலத்தில் கரித்தூளும் சாம்பலும் வீட்டுக்குள் வருகிறதென்று நுரைச்சோலைச் சனங்கள் எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள். அந்தச் சாம்பலை யாரும் விபத்து என்று எழுதுவதில்லை. எனக்கு அது பெரிய மனவருத்தம்.

“அப்ப கட்டலாம்தானே?” என்றான். நானும் அன்றைக்கு ஓம் என்றுதான் சொன்னேன்.

அடுத்த பெருமழையில் அந்த நிலக்கீழ் தளத்துக்குள் வெள்ளம் வந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டருக்கு வெளி மின்சாரம் மட்டும்தான். லயிற் போனதும் மோட்டர் நின்றது, தண்ணீர் ஏறிப் பற்றரியை மூடியது, ஜெனரேற்றர் எழும்பவே இல்லை. அந்த வயரிங்கைப் பல தடவை பார்த்தும் கேள்வி கேட்காமல் விட்டது என் பிழை. முழங்கால் தண்ணீரில் நின்றபோது ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

2011 மார்ச் 11 அன்று அங்கே நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காகத்தான் நின்றன. டீசல் ஜெனரேற்றர்களும் எழும்பின. ஒரு மணித்தியாலம் போவதற்குள் சுனாமி வந்து, கீழ்த்தளங்களில் இருந்த ஜெனரேற்றர்களையும் சுவிட்சுப் பலகைகளையும் மூழ்கடித்தது. என் மெஷினை நிறுத்தினால் அரை நாளில் கை வைக்கலாம். உலை அப்படியில்லை. பிளந்த துண்டுகள் தொடர்ந்து சிதைந்து சூடு விடும். 1000 மெகாவாட் உலையை நிறுத்திய கணத்தில் இருநூறு மெகாவாட் அளவுக்குச் சூடு மிச்சம், மறுநாளும் பத்துக்கு மேல். தண்ணீர் ஓடாததால் மூன்று உலைகளும் உருகின. ஆறாம் உலைக்கு, உயரத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரேயொரு டீசல் ஜெனரேற்றர் தப்பியது. அது ஐந்தாம் உலையையும் சேர்த்துக் காப்பாற்றியது. அந்த ஒன்றைப் பராமரித்தவர்களை நான் அடிக்கடி நினைப்பேன்.

இப்போதும் நான் அணுமின்சாரத்துக்கு எதிரியில்லை. நம் நாட்டின் உச்சத் தேவை ஏறத்தாழ மூவாயிரம் மெகாவாட். அதில் ஆயிரத்தை ஒரே உலையில் வைத்தால், அது திடீரென்று நின்ற அன்று தீவே இருளும். ஆகவே சிறிய உலைகள்தான் பொருந்தும். பாவித்த எரிபொருளை ஆயிரக்கணக்கான வருடங்கள் காக்கவும் வேண்டும். ஆனாலும் யாராவது திட்டத்தோடு வந்தால் நான் முதலில் கேட்பது, ஜெனரேற்றர் எந்தத் தளத்தில், அதைக் கிழமைக்கு ஒருக்கா ஓட்டிப் பார்ப்பது யார் என்பதைத்தான்.

எங்கள் மெஷின் ஏழு மாத இழுபறிக்குப் பிறகு முதலாம் மாடி வாகனத் தரிப்பிடத்துக்கு ஏறியது. இறைக்கும் மோட்டருக்கும் அதிலிருந்தே வயர் இழுத்தோம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பிரதான சுவிட்சை இறக்குவேன். தம்பி பதிவுப் புத்தகத்தோடு நின்று விநாடிகளை எண்ணுவான். போன கிழமை பதினோராவது விநாடியில் லயிற் வந்தது.