கடைசி ஒரு சாண்

சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றும் வேலையில் முக்கால்வாசியை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கையால் அமுக்கிக்கொண்டே போனால் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு சாண் மிஞ்சும். அந்த ஒரு சாண் என்னிடம் இரண்டு டியூப்களைக் காவு வாங்கியது.

என் டயரின் உள் ஓரத்தை ஒருமுறை அளந்து பார்த்தேன். சுற்றளவு ஏறக்குறைய 185 சென்டிமீட்டர். என் கைக்கு எட்டு சாண், கொஞ்சம் கூடுதல். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். எண்சாண் டயருக்கு எட்டாவது சாண்.

பின் சக்கரத்து டயர் பக்கவாட்டில் வெடிப்பு விட்டு, உள்ளிருக்கும் நூல் எட்டிப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தது. டியூபிலோ ஒட்டுக்கு மேல் ஒட்டு. இரண்டையும் மாற்றிவிடலாம், அதையும் நாமே செய்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். முடிந்தது அடுத்த ஞாயிறு.

முதல் கோணல் அளவிலேயே தொடங்கியது. பழைய டயரில் எழுத்துகள் தேய்ந்துபோய் '26' மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. சரி, 26 என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன். டியூபை வைப்பதற்கு முன்பு டயரின் ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் ரிம்மில் ஏற்ற வேண்டும். அதுவே ஏறவில்லை. பாதி தூரம் போய் நின்றுவிட்டது. புது டயர், இறுக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பிறகு பழைய டயரை ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 26 × 1 3/8 என்று இருக்கிறது. புதியது 26 × 1.75.

இரண்டும் 26 தானே என்றால், இல்லை. அங்குலக் கணக்கு டயரின் வெளி விட்டத்தைத் தோராயமாகச் சொல்வது. ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டத்தை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இன்னொரு எண். என் பழைய டயரில் 37-590, புதியதில் 47-559. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். ஆக விட்டத்தில் 31 மில்லிமீட்டர் சிறிய டயரைக் கையால் இழுத்துப் பெரிதாக்கப் பார்த்திருக்கிறேன். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 26 × 1.75, 26 × 1 3/4 என்று இரண்டு டயர்கள் இருக்கின்றன. கணக்கு வாத்தியாரைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்பார். ஒன்றின் விட்டம் 559, மற்றதன் விட்டம் 571. ஒன்றுக்குப் பதில் ஒன்று சேராது. அன்றிலிருந்து நான் அங்குலத்தைப் பார்ப்பதே இல்லை, அந்த மூன்று இலக்க எண்ணை மட்டும் பார்க்கிறேன்.

முதல் ஓரம் பெரிய சண்டை இல்லாமல் கையாலேயே ஏற வேண்டும். அதிலேயே முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்டாமல் எண்ணைப் பார்ப்பது நல்லது.

சரியான டயர் வந்தது. சக்கரத்தைக் கழற்றுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, இரண்டு பக்க நட்டையும் கழற்றி, செயினை விலக்கி வெளியே எடுத்தால் கையெல்லாம் கறுப்பு. அவ்வளவுதான். ரிம்முக்குள் ஸ்போக்ஸ் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் நிப்பிள்களை மூடிக்கொண்டு ஒரு ரப்பர் பட்டை ஓடும், ரிம் டேப். அதை மட்டும் விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நகர்ந்து நிப்பிள் தலை தெரிந்தது. பழைய டியூபை எடுத்துப் பார்த்தபோது ஒட்டுகளில் மூன்று ரிம்மைப் பார்க்கும் உள்பக்கத்தில் இருந்தன. முள் குத்தினால் ஓட்டை வெளிப்பக்கம், ரோட்டைப் பார்க்கும் பக்கம் இருக்க வேண்டும். இத்தனை நாள் ரோட்டைத் திட்டியது அநியாயம். பட்டையை இழுத்து நேராக்கினேன்.

அப்புறம் டியூப். வால்வை ரிம் துளையில் விட்டு, அது ஆடாமல் இருக்கட்டும் என்று அடிநட்டை நன்றாக முடுக்கினேன். (இந்த நட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) வால்வு பக்கத்திலிருந்தே இரண்டாவது ஓரத்தை உள்ளே தள்ளத் தொடங்கினேன். அது எல்லாருக்கும் இயல்பாக வருவது, டியூபை அங்கிருந்துதானே ஆரம்பிக்கிறோம். இரு பக்கமும் வளைத்துக்கொண்டு வந்து, வால்வுக்கு நேர் எதிரே அந்த ஒரு சாண் மிஞ்சியது. ஒரு முனையைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினால் மறுமுனை வெளியே வந்து பல்லைக் காட்டுகிறது. விரல் நுனிகள் சிவந்துவிட்டன. பொறுமை போய் ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே விட்டு ஒரு நெம்பு. டப்பென்று உள்ளே போனது. என்ன ஒரு நிறைவு!

பம்பை மாட்டி அடிக்கிறேன், அடிக்கிறேன், டயர் பெரிதாகவே இல்லை. கழற்றிப் பார்த்தால் நெம்பிய இடத்தில் டியூபில் கூரான ஒரு கீறல், ஸ்க்ரூட்ரைவர் முனையின் அதே அகலத்தில். ஒரு முறைகூட ரோட்டைப் பார்க்காத டியூப்.

இரண்டாவது டியூபுக்கு மரியாதையாக பிளாஸ்டிக் டயர் லிவர் வாங்கினேன். ஓரம் மழுங்கலாக இருப்பதால் டியூபைக் கிழிக்காது என்று நம்பினேன். நெம்பினேன், உள்ளே போனது, பம்பு அடித்தேன், காற்றும் நின்றது. உற்சாகத்தில் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் மட்டும் டயர் மெல்ல வெளியே எழும்பி வருவதைப் பார்த்தேன். இது என்ன என்று குனிந்தபோது வெடித்தது. அடுத்த அறையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். காது ஐந்து நிமிடம் ரீங்காரம் போட்டது. டியூபில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல், ஒட்டவே முடியாது. நடந்தது இதுதான்: நெம்பும்போது டியூபின் ஒரு மடிப்பு டயர் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அங்கே டயர் ஓரம் ரிம்மில் உட்காரவில்லை. காற்று ஏற ஏற ஓரம் வெளியே தூக்கிக்கொண்டது, டியூப் அந்த இடைவெளியில் பிதுங்கி வெளியே வந்து வெடித்தது. இதில் பிளாஸ்டிக் என்ன, இரும்பு என்ன.

மூன்றாவது டியூபோடு அடுத்த ஞாயிறு உட்கார்ந்தபோது அக்கா மகன் எதிரே குந்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடைசிச் சாணோடு போராடிக்கொண்டிருக்கிறேன். அவன் என் கையைப் பார்க்கவே இல்லை.

"மாமா, வால்வுகிட்ட டயர் மேல தூக்கிட்டு நிக்குதே. அது அப்படித்தான் இருக்கணுமா?"

"அங்கதான் ஏற்கனவே ஏத்தியாச்சேடா" என்று சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தேன். மற்ற இடங்களில் டயர் ஓரம் ரிம்முக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. வால்வு பக்கத்தில் மட்டும் விளிம்பை ஒட்டி மேலேயே நிற்கிறது. கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு யோசித்தேன். ஒரு வாரமாகத் தவறான பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டயர் ஓரத்துக்குள் ஒரு கம்பி வளையம் ஓடுகிறது. விலை கூடிய சில டயர்களில் இரும்புக்குப் பதில் கெவ்லார் நார் இருக்கும். எதுவானாலும் அது நீளாது. நீண்டால் காற்றடித்ததும் டயர் கழன்று ஓடிவிடும். ரிம்மின் மேல் விளிம்போ அந்த வளையத்தைவிட விட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பெரியது. நீளாத சின்ன வளையம் பெரிய விளிம்பைத் தாண்டி உள்ளே போக ஒரே வழிதான் இருக்கிறது. ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடுகிறது. வளையத்தின் ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால், அங்கே மிச்சப்படும் தளர்ச்சி எதிர்ப்பக்கத்துக்கு வந்து சேரும். வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் பள்ளத்தை டியூபின் தடித்த அடிப்பகுதி அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் வேறு அடிநட்டை முடுக்கி அதை அங்கேயே ஆணியடித்து வைத்திருக்கிறேன். டயர் ஓரம் எங்கே இறங்கும்? இறங்காததால் தளர்ச்சி இல்லை, தளர்ச்சி இல்லாததால் லிவர், லிவரால் கிள்ளு, கிள்ளினால் வெடி.

1888இல் ஜான் பாய்ட் டன்லப் செய்த காற்று டயரைச் சக்கரத்திலேயே ஒட்டித் துணி சுற்றி வைத்திருந்தார்கள், பஞ்சர் பார்ப்பதென்றால் அத்தனையையும் பிரிக்க வேண்டும். நீளாத கம்பி ஓரம், நடுவில் பள்ளமுள்ள ரிம் என்ற யோசனைக்கு சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் 1890இல் காப்புரிமை வாங்கினார். நான் கண்டுபிடித்ததாக நினைத்துப் பூரித்த விஷயம் நூறு வருடத்துக்கும் பழையது.

டயரின் இரண்டாவது ஓரத்தை முழுக்க வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அடிநட்டைக் கழற்றி எடுத்தேன். டியூபுக்கு ஒரு நாலு அடி காற்று, வளையமாக நிற்கும் அளவுக்கு மட்டும். தொளதொளவென்று இருந்தால்தான் மடிந்து மாட்டுகிறது. டியூப் மேல் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினேன், டயரோடு ஒட்டாமல் வழுக்கி நகரட்டும் என்று. வால்வு நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். சாய்ந்திருந்தால் டியூப் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம், பின்னால் வால்வின் அடியில் கிழியும்.

இந்த முறை வால்வுக்கு நேர் எதிரே ஆரம்பித்தேன். இரண்டு கையாலும் டயரைப் பிசைந்தபடியே ஓரத்தைப் பள்ளத்துக்குள் இறக்கி, இறக்கி, இரு பக்கமும் மேலே வால்வை நோக்கி வந்தேன். வால்வு பக்கம் ஒரு சாண் மிஞ்சியது. அங்கே தள்ளாமல் மறுபடி அடியிலிருந்து தொடங்கி இரண்டு முறை பிசைந்து தளர்ச்சியை மேலே கொண்டுவந்தேன். சாண் அரைச் சாணாகிவிட்டது, யாரும் தொடாமலே. ஓரத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினேன். எண்ணெய் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். ஒரு முனை நழுவாமல் முழங்காலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை உள்ளங்கையின் அடிப்பகுதியால் உருட்டித் தள்ளினேன். கட்டைவிரலுக்கு இதில் வேலையே கிடையாது. விரல்கடை விரல்கடையாகப் போய், கடைசியில் டப். அதே சத்தம், ஆனால் லிவர் இல்லாமல்.

"போச்சா மாமா?" என்றான். வெடிக்குமோ என்று இரண்டடி தள்ளிப் போயிருந்தான்.

முன்பு வெடித்த அனுபவம் எனக்கும் இருந்ததால் பம்பைத் தொடவில்லை. வால்வை ஒருமுறை டயருக்குள் மேலே தள்ளி, பிறகு கீழே இழுத்தேன். அதன் தடித்த அடி டயர் ஓரத்துக்குக் கீழே சிக்கியிருந்தால் இதில் விடுபட்டுவிடும். அதற்குப் பிறகுதான் அடிநட்டு, அதுவும் விரலால் மட்டும். பிறகு டயரைக் கட்டைவிரல்களால் விலக்கி விலக்கி ஒரு முழுச் சுற்று, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே டியூப் எங்காவது தெரிகிறதா என்று பார்த்தேன். மறுபக்கமும் ஒரு சுற்று. ஒரு இடத்தில் கறுப்பாக ஒரு நூல் அளவு தெரிந்தது. டயரை அங்கே பிசைந்து ஆட்டியதும் உள்ளே போய்விட்டது. அந்த நூல் அளவுதான் போன வாரம் வெடித்தது.

காற்றைப் பாதி அடித்து நிறுத்தினேன். டயரின் பக்கத்தில், ரிம்மை ஒட்டி மெல்லிய ஒரு கோடு சுற்றி ஓடும். அதற்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தது. காற்றை இறக்கி, அங்கே சரிசெய்து, மறுபடி அடித்தேன். கோடு சீராக வந்தது. பிறகு பக்கவாட்டில் போட்டிருந்த 50 பிஎஸ்ஐ வரை. பையன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை, அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சக்கரத்தை மாட்டி, செயினைப் போட்டு, நட்டை முடுக்கி, பிரேக்கை இழுத்துக் கட்டி, பெடலைச் சுற்றிவிட்டேன். ஆடாமல் சுற்றியது. நின்றதும் டயரின் பக்கத்தில் ஒரு அம்புக்குறி கண்ணில் பட்டது. சக்கரம் சுற்ற வேண்டிய திசை. அது பின்பக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தது. முன் சக்கரமாக இருந்தால் திருப்பிப் போட்டுவிடலாம். பின் சக்கரத்தில் செயின் மாட்டும் ஃப்ரீவீல் ஒரே பக்கம்தானே, வழியில்லை. டயரைத்தான் கழற்றித் திருப்ப வேண்டும்.

"ரோட்டுல அப்படியே ஓட்டுனா என்ன மாமா ஆகும்?"

பெரிதாக ஒன்றும் ஆகாதுதான். இருந்தாலும் நட்டைக் கழற்றினேன். சக்கரத்தை எடுத்ததிலிருந்து திரும்ப மாட்டியது வரை இருபது நிமிடம். கழற்றும்போது மட்டும் லிவரைத் தொட்டேன். ஏற்றும்போது அது தரையிலேயே கிடந்தது.