ஈரப் பானையில் காய்கறி: மாசி முதல் ஐப்பசி வரை

மாசி

கத்தரிக்காயைச் சமையலறைக் கூடையில் போட்டுவைத்தால், வேலூர் வெயிலுக்கு மறுநாளே தோல் சுருங்கிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சுருக்கம் விழுவதில்லை; ஆனால் ஒரு வாரத்தை நெருங்கும்போது தோலில் பழுப்பு நிறப் பள்ளங்கள் தோன்றுகின்றன, அரிந்து பார்த்தால் விதையைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு கேடுகள். முன்னது நீர் வற்றுவதால் வருவது. பின்னது குளிர் தாங்காமல் வருவது. கத்தரி, வெண்டை, வெள்ளரி, தக்காளி ஆகியவை வெப்ப நிலத்துப் பயிர்கள் என்பதால், ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் அவற்றின் திசுக்கள் சேதமடைகின்றன. வீட்டுப் பெட்டியோ 4 டிகிரியை ஒட்டி இயங்குகிறது. கோடையில் 38 டிகிரியைத் தொடும் தாழ்வாரத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவில் இன்னோர் இடம் இருந்தால் காய்கள் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகவே இந்தப் பானை வேலையில் இறங்கினேன்.

முறை புதியதன்று. புதுதில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980களில் சுசாந்த ராய், குர்தியா ஆகியோர் செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து ஒரு குளிர் அறையை உருவாக்கினார்கள். மின்சாரம் தேவைப்படாத அந்த அமைப்பில் ஏறத்தாழ 100 கிலோ விளைபொருளை வைக்கலாம். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர், பானைக்குள் பானையை வைத்து நடுவில் ஈர மணலை இட்டு, அதே தத்துவத்தைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றார். அதற்காக அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 கிலோ அறை மிகை என்பதால் பானையையே தேர்ந்தெடுத்தேன்.

வாய் அகன்ற பெரிய பானை ஒன்றும், அதற்குள் சுற்றிலும் நான்கு விரற்கடை இடைவெளியோடு அமரக்கூடிய சிறிய பானை ஒன்றும் வேண்டும். மண்பாண்டக் கடையில் பூவேலை செய்து சாயம் பூசிய பானைகள் அழகாக இருந்தன. கடைக்காரப் பெரியவர் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "சாயம் அடிச்சது தண்ணி குடிக்காது தம்பி, வெறும் சிவப்பா இருக்கிறதை எடுத்துக்க" என்றார். அவர் சொன்னதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. சுவரின் நுண்துளைகள் வழியாக நீர் வெளிப்புறத்துக்குக் கசிந்து ஆவியாக வேண்டும். துளைகள் அடைபட்டால் அது வெறும் மணல் நிரப்பிய பானைதான்.

வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலைக் கழுவி, பெரிய பானையின் அடியில் ஒரு சாண் அளவுக்குப் பரப்பி, சிறிய பானையை அதன்மேல் இருத்தி, இரண்டின் வாயும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகு பக்கவாட்டு இடைவெளியை நிரப்பினேன். மேலே மூட ஒரு சணல் சாக்கை நான்காக மடித்து நனைத்துப் போட்டேன். பானையை நேரடியாகத் தரையில் வைக்காமல் மூன்று செங்கற்களின்மேல் ஏற்றியதால் அடிப்பாகத்துக்கும் காற்றுக் கிடைத்தது. வெயில் படாத, ஆனால் காற்றோட்டமுள்ள பின்கட்டுத் தாழ்வாரம்தான் இதற்கு ஏற்ற இடம். மூடிய சமையலறை மூலையில் வைத்தால் ஆவியான ஈரம் அங்கேயே தேங்கி நின்று குளிர்ச்சி குறைந்துவிடுகிறது.

பங்குனி, சித்திரை

ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 57 லிட்டர் நீரை 10 டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம் இவ்வளவே. எனினும் எவ்வளவு நீர் ஊற்றினாலும் பானை ஓர் எல்லைக்குக் கீழே குளிராது. அந்த எல்லையை ஈரக்குமிழ் வெப்பநிலை என்கிறார்கள். அது காற்றின் வெப்பத்தை மட்டுமன்றி அதிலுள்ள ஈரப்பதத்தையும் பொறுத்தது. காற்று 38 டிகிரியிலும் ஈரப்பதம் 30 விழுக்காட்டிலும் இருந்தால் எல்லை ஏறத்தாழ 24 டிகிரி. காற்று 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் எல்லை 29 டிகிரிக்கு ஏறிவிடும். கடற்கரை ஊர்களில் இந்தப் பானையைச் செய்தவர்கள் ஏமாற்றமடைவதற்கு இதுவே காரணம். உள்மாவட்டக் கோடைக்குத்தான் இது பொருந்தும்.

சித்திரை மதியங்களில் தாழ்வாரத்து வெப்பமானி 38 காட்டியபோது பானைக்குள் 27ஐ ஒட்டி நின்றது. பெட்டியோடு ஒப்பிட்டால் இது குளிர்ச்சியே அன்று என்று தோன்றலாம். ஆனால் பறித்த பிறகும் காய் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, அந்த மூச்சு 10 டிகிரி உயரும்போது இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. எனவே பதினொரு டிகிரி குறைந்தாலே காய் தன்னைத் தானே தின்னும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதைவிட முக்கியமானது பானைக்குள் நிறைந்திருக்கும் ஈரம். நம் வீடுகளில் காய்கறி வீணாவது பெரும்பாலும் அழுகலால் என்று நினைக்கிறோம். கோடையில் நான் பார்த்த அளவில், அழுகுவதற்கு வெகு முன்பே வாடல்தான் காயைக் குப்பைக்கு அனுப்புகிறது.

இலவம்பாடி முள் கத்தரிக்காயில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் காய் எங்கள் மாவட்டத்தின் பெருமை; காம்புத் தொப்பியில் முள் இருக்கும், அந்தத் தொப்பியின் பசுமையே காயின் வயதைச் சொல்லும். ஒரே கடையில் ஒரே கூறிலிருந்து எடுத்ததைப் பிரித்து மூன்று இடங்களில் வைத்தேன். கூடையில் இருந்தவை தொப்பி கருகி, விரலால் அழுத்தினால் குழி விழும் நிலைக்கு வந்தபோதும், பானையில் இருந்தவை பளபளப்புக் குறையாமல் இருந்தன. அடுத்த வாரச் சந்தை வரை அவற்றை எண்ணெய்க் கத்தரிக்காய்க்கே பயன்படுத்த முடிந்தது. பெட்டியில் இருந்தவை வெளியே எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தன. அறை வெப்பத்தில் ஒரு பகல் கழிந்ததும் பள்ளங்கள் வெளிப்பட்டன. குளிர்க் கேடு பெரும்பாலும் இப்படித்தான், பெட்டியை விட்டு வந்த பிறகே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

வெண்டை, புடலை, பாகல், வெள்ளரி ஆகியவையும் பானையில் நன்றாக இருந்தன, பாகற்காய் மட்டும் மஞ்சளாகப் பழுப்பதில் சற்று அவசரம் காட்டியது. செங்காயாக வாங்கிய நாட்டுத் தக்காளி பானையில் மெதுவாகச் சிவந்தது. பெட்டிக்குள் போனதோ சிவக்கவே இல்லை, ரசத்தில் மணமும் எழவில்லை. எலுமிச்சையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோல் இறுகாமல் சாறு வற்றாமல் மற்ற எல்லாவற்றையும் விட நீண்ட நாள் இருந்தது. இஞ்சியைப் பானைக்குள் இடாமல் சுற்றியுள்ள ஈர மணலிலேயே புதைத்துவைத்தோம், இதை அம்மா ஏற்கெனவே ஒரு பழைய சட்டியில் செய்துவந்தவர்தான்.

கீரைக்குப் பானை போதவில்லை. மெல்லிய இலையின் மூச்சு வேகம் மிக அதிகம்; 27 டிகிரி அதற்குப் போதுமான தணிப்பு அன்று. அரைக்கீரையும் சிறுகீரையும் மறுநாள் வரை தாங்கும், அதற்குமேல் மஞ்சள் கண்டுவிடும். இவற்றுக்குக் குளிர்க் கேடு கிடையாது என்பதால் பெட்டியே சரியான இடம். வேரை நறுக்கி, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வைப்பதே சிறந்தது. கழுவினால் இலையின்மேல் நீர் நின்று அழுகும். கறிவேப்பிலையை மட்டும் கழுவி, நீர் முழுக்க உலர்ந்த பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். முருங்கைக்கீரை தனி ரகம். கட்டைத் துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால் காலையில் உதறியதும் இலை தானாகக் கொட்டும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அறிந்த உத்தி. செடிகள் தாமே வெளியிடும் எத்திலீன் என்ற வாயு, இலைக்காம்பின் பிடிப்பைத் தளர்த்தும் வேலையையும் செய்கிறது. மூடிய துணிக்குள் அது வெளியேற வழியில்லை.

அதே எத்திலீன் காரணமாக வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் பானைக்கு அருகில்கூட விடுவதில்லை. பழுக்கும் மாம்பழத்தை வெள்ளரியோடு வைத்தால் வெள்ளரி மஞ்சளாகிவிடும், கீரை இன்னும் விரைவில் மஞ்சளாகும். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைத்தவர்கள் வாயுவின் பெயரைத் தெரிந்துகொள்ளாமலே அதைப் பயன்படுத்தினார்கள். புகையில் எத்திலீன் உண்டு. சின்ன வெங்காயம், பூண்டு, உருளை மூன்றும் ஈரத்துக்குப் பகை. முதல் இரண்டும் கம்பிக் கூடையில் காற்றில் தொங்குகின்றன. உருளை இருட்டில் கிடக்கிறது, வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்து நஞ்சு சேரும், பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறித் தித்திக்கும்.

ஆடி, ஆவணி

சித்திரையில் இருந்த குளிர்ச்சி ஆடியில் இல்லாமற்போனதற்கு மாலை மழை மட்டும் காரணமன்று. பானையின் வெளிச்சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது; நீர் ஆவியாகப் போய், உப்புகள் துளைகளின் வாயில் தங்கிவிடுகின்றன. தேங்காய் நாரால் தேய்த்ததில் மேற்பூச்சு போயிற்று, உள்ளே அடைத்தது போகவில்லை. பெரிய பானையை மாற்றினேன். அதன் பிறகு மொட்டை மாடியில் பிடித்த மழைநீரை மட்டுமே மணலுக்கு ஊற்றுகிறோம். கடின நீர் உள்ள ஊர்க்காரர்கள் வெளிப்பானையை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டிய செலவாகவே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐப்பசி

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பானையின் பணி முடிந்தது. ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் போனபோது உள்ளும் புறமும் இரண்டு டிகிரிக்கும் குறைவாகவே வேறுபட்டன; குளிர்ச்சி போய் ஈரம் மட்டும் எஞ்சியதால் வெண்டைக்காய்க் காம்புகளில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்தது. கோடையில் காயைக் காத்த அதே ஈரம் இப்போது அதற்கு எதிரி. மழை மாதங்களில் கத்தரியையும் வெண்டையையும் தாளில் சுற்றி, பெட்டியின் மிகக் குளிர்ந்த மேல்தட்டைத் தவிர்த்து அடியிலுள்ள காய்கறி அறையில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் சமைத்துவிடுகிறோம். குளிர்க் கேடு வெப்பநிலையோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது என்பதால், அந்த அளவுக்குள் பள்ளங்கள் விழுவதில்லை.

மணலைக் கொட்டி எடுத்து வைத்திருக்கிறேன். வெயில் கண்டதும் பரப்பிக் காயவைக்க வேண்டும். உள்பானையைக் கொதிநீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மாசியில் மீண்டும் தொடங்கும்போது, பூசா முறைப்படி பழைய செங்கற்களால் இடுப்பளவு கூட இல்லாத ஒரு சிறு தொட்டியைப் பின்கட்டில் கட்டும் எண்ணம் உண்டு. செங்கல்லும் துளையுள்ளதுதான், உப்புப் பூத்தால் முழுத் தொட்டியையும் இடிக்காமல் வெளிவரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.